ஓரிதழ் தாமரை இருந்த இடம்

1974, ஜூலை 7, ஞாயிறு

வெயில். குழாயில் காலையில் இரண்டு குடம், அப்புறம் வெறும் காற்று. தலைக்குக் குளித்து மூன்று வாரம்.

செய்ய வேண்டியவை:
1. கணக்கு, பயிற்சி 4.
2. லைப்ரரிப் புத்தகம், வியாழனுக்குள்.
3. ஹெர்பேரியம், அதாவது ஒரு செடியை உலர்த்தித் தாளில் ஒட்டிக் கொடுப்பது. இதுதான் கவலை.

கமலா டீச்சர் (இனி க.டீ.) போன வாரமே சொல்லிவிட்டார். தானாக முளைத்த செடியாக இருக்க வேண்டும். வேர், தண்டு, இலை, பூ, காய், ஐந்தும் ஒரே செடியில். அடையாறு முழுக்க இரண்டு நாள் அலைந்தேன். எல்லாம் காய்ந்து சுள்ளி. எருக்கு இருக்கிறது. ஆனால் எருக்கை வேரோடு எடுக்கக் கடப்பாரை வேண்டும்.

அமுலுவிடம் புலம்பினேன். அமுலு எங்கள் வகுப்பு, கடைசி பெஞ்சு. ஆற்றோரக் குடிசைகளில் வீடு. அவள் அம்மா கன்னியம்மா மூலிகை பறித்து மயிலாப்பூர் குளத்தருகே ஒரு நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுக்கிறவர். நான் அவளுக்கு அல்ஜீப்ரா, அவள் எனக்குக் கொடுக்காப்புளி. அப்படி ஒரு சிநேகம்.

"நீ பாக்காத பூ ஒண்ணு காட்டட்டா? ஆனா யாராண்டயும் சொல்லக்கூடாது. எங்கம்மா இடம் அது."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியம் பண்ணு."

"சரஸ்வதி மேல் சத்தியம்."

"அது உங்க சாமி. புஸ்தகத்து மேல பண்ணு, அதான் நீ பயப்படுவ."

கையில் இருந்த லைப்ரரிப் புத்தகத்தின் மேல் அடித்துச் சத்தியம் செய்தேன்.

திருவான்மியூர் வரை பஸ். அப்புறம் மணலில் நடை. கொட்டிவாக்கம் சவுக்குத் தோப்பைத் தாண்டி ஒரு கள்ளி வேலி. நாய் நுழைகிற அளவு சந்து. அமுலு வழுக்கிக்கொண்டு போனாள். நான் பாவாடையைக் கிழித்துக்கொண்டேன்.

உள்ளே ஒரு மேட்டு நிலம். புல் எல்லாம் வைக்கோல் நிறம். அதன் நடுவே சின்னச் சின்னதாக ஊதாவும் ரோஜாவும் கலந்த பூ. பூ என்றால் ஒரே ஒரு இதழ், கரண்டி மாதிரி. சுண்டுவிரல் நகம் அளவு. இத்தனை வெயிலில் அது மட்டும் வாடாமல்.

"ஓரிதழ் தாமர" என்றாள் அமுலு. "தாமரன்னு பேருதான். தண்ணியே வாணாம் இதுக்கு."

எண்ணினேன். அறுபத்து நான்கு செடி.

கவனித்தவை:
இலை ஒல்லி, நுனி கூர்.
இலைகளில் செம்பழுப்புக் கம்பளிப்புழு, உடம்பெல்லாம் முள். பக்கத்திலேயே ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சிகள். மெதுவாகப் பறக்கின்றன, பயமே இல்லை. வேறெந்தச் செடியிலும் உட்காரவில்லை.
பழுத்த காய் மூன்றாகப் பிளந்து, மூன்று படகு போல. படகின் ஓரங்கள் நெருங்கி விதையைப் பிதுக்கித் தெறிக்க வைக்கின்றன. என் கன்னத்தில் ஒன்று பட்டது!
கீழே விழுந்த விதையை எறும்பு இழுக்கிறது. விதையின் முனையில் வெள்ளையாக ஏதோ. எறும்புக்கு அதுதான் வேண்டும் போல. புற்றுக்குள் போய் அதைத் தின்றுவிட்டு விதையை விட்டுவிடுமோ? அப்படியென்றால் எறும்புதான் நடுகிறது. க.டீ.யிடம் கேட்க வேண்டும்.

வேரோடு ஒன்று வேண்டும் என்றேன். அமுலு தயங்கினாள்.

"வேர எங்கம்மா எடுக்காது. மேலாக்க கத்திரிக்கும். காய் வெடிக்காத செடியத் தொடவே தொடாது. கடைக்காரரு வேரோட கேட்டாக்கூட, இல்ல, வர்லன்னுடும்."

"ஒன்றே ஒன்று அமுலு. பாடத்துக்கு."

இரண்டு பேருமாகக் குச்சியால் தோண்டினோம். முக்கால் மணி நேரம். மேலே ஒரு சாண் செடி, கீழே ஒன்றரைச் சாண் வேர், கட்டை மாதிரி. இதனால்தான் வாடவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டு. அம்மா: "ஏட்டி, பாவாடைய எங்கட்டி கிழிச்ச? வெயில்ல கருவாடா காஞ்சு வந்து நிக்கா!" ரொம்ப சந்தோஷம் இன்று.

ஜூலை 8, திங்கள்

வெயில். அப்பா கடையில் ஆடித் தள்ளுபடிக்கு மூட்டை மூட்டையாகச் சரக்கு வந்து இறங்குகிறதாம். தி.நகரிலிருந்து வர ராத்திரி பத்தாகிறது.

செடி, பழைய செய்தித்தாளுக்குள். மேலே அம்மியின் குழவி. அம்மா தேங்காய்த் துவையலுக்குக் குழவியைத் தேடிவிட்டுக் கத்தினாள்.

அண்ணனின் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஓரிதழ் இல்லை! ஐந்து இதழ். ஒன்று பெரியது, மற்ற நாலும் கண்ணுக்கே தெரியாத அளவு, பெரியதன் பின்னால் ஒளிந்துகொண்டு. இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் புத்தகத்தில் பார்த்தால் போட்டிருக்கிறது. அயோனிடியம். குடும்பம் வயலேசி.

அமுலுவுக்குக் கண்வலி ஆரம்பம். மதியம் கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 11, வியாழன்

மேகம். மழை இல்லை.

லேபிளில் ஐந்து வரி எழுத வேண்டும்: பெயர், குடும்பம், இடம், நாள், சேகரித்தவர். இடம் என்பதற்கு "கொட்டிவாக்கம்" என்று மட்டும் எழுதினேன். போதவில்லை. க.டீ. சொல்லியிருக்கிறார், லேபிளைப் படிக்கிறவர் நூறு வருஷம் கழித்தும் அந்த இடத்தில் போய் நிற்க வேண்டும் என்று. அழித்துவிட்டு எழுதினேன்:

இடம்: கொட்டிவாக்கம். சவுக்குத் தோப்புக்கு மேற்கே, கள்ளி வேலியின் மூன்றாவது வளைவில் உள்ள சந்து வழியாக, நாற்பது அடி. மேட்டு நிலம்.
சேகரித்தவர்: சு. சண்முகவடிவு.

எழுதும்போது சத்தியம் ஞாபகம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் இது சொல்வது இல்லையே, எழுதுவதுதானே என்று ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். டீச்சர் மட்டும்தானே படிப்பார் என்று இன்னொன்று. "சேகரித்தவர்" வரியில் இன்னொரு பேருக்கு இடம் இருந்தது. அதற்கு ஒரு சமாதானமும் தேடவில்லை.

வகுப்பில் மற்றவர்கள் கொண்டு வந்தவை: சுசீலா, மல்லிகை, நாரோடு. விஜயா, கனகாம்பரம், தலையில் வைத்து எடுத்தது, ஒரு முடி வேறு ஒட்டிக்கொண்டு. பத்மா, கோயில் பிரசாதத் துளசி. ரோஜா மட்டும் ஆறு பேர்.

க.டீ. தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏண்டி, பூக்காரிகிட்டே வாங்கிண்டு வந்து ஒட்டியிருக்கேளே! வேர் எங்கேடி? பூக்காரி வேரோடயா விக்கறா?"

எல்லாரும் சிரிப்பு. அப்புறம் என்னுடைய தாளைத் தூக்கிக் காட்டினார். "இது ஹெர்பேரியம். வேர் ஒரு இழை அறுபடலை பாருங்கோ. லேபிளைக் கேளுங்கோ." இடத்தைச் சத்தமாகப் படித்தார். சந்து, வளைவு, நாற்பது அடி, எல்லாம். எனக்குக் காது சுட்டது. பெருமையும் இருந்தது அதில். அதை மறைக்க மாட்டேன், இது என் டைரி.

"சனிக்கிழமை எல்லாருமாப் போறோம். ஆளுக்கு ஒரு செடி. வடிவு வழி காட்டுவா."

சொல்லியிருக்கலாம். டீச்சர், அது ஒருத்தர் இடம், நான் சத்தியம் செய்திருக்கிறேன். மூன்று வினாடி வேலை. நான் சொன்னது: "சரி டீச்சர்."

ஜூலை 12, வெள்ளி

அமுலு இன்றும் வரவில்லை. வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தேன். கண்வலிக்காரியைப் பற்றி இப்படி நினைத்தேன்.

மை ஒழுகி இடது கை முழுக்க நீலம்.

ஜூலை 13, சனி

வெயில்.

முப்பத்தெட்டுப் பேர். க.டீ. குடை பிடித்துக்கொண்டு. பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா, கல்யாணமா?" என்றார்.

சந்து போதவில்லை. சுசீலாவும் இன்னும் நாலு பேரும் கள்ளியைக் கல்லால் அடித்து அகலப்படுத்தினார்கள். பால் பொங்கி வழிந்தது. கண்ணில் படக்கூடாது என்று க.டீ. கூவினார்.

பூவைப் பார்த்ததும் எல்லாருக்கும் சந்தோஷம். நிஜமான சந்தோஷம். "ஐயோ, எவ்ளோ குட்டி!" க.டீ.கூட மண்டியிட்டுப் பார்த்தார். அந்த ஐந்து நிமிஷம் நன்றாக இருந்தது.

அப்புறம் பிடுங்கினார்கள். இறுகிய மண். இழுத்தால் தண்டு கையோடு வருகிறது, வேர் உள்ளேயே. வேர் அறுந்தால் மார்க் இல்லை. அதனால் அறுந்ததை எறிந்துவிட்டு அடுத்தது. அதுவும் அறுந்தால் அடுத்தது. ஒரு செடி என்றுதான் க.டீ. சொன்னார். சிலருக்கு ஒரு முழு வேருக்கு இரண்டு, மூன்று போயிற்று. மெதுவாகத் தோண்டுங்கள் என்று நான் ஓடி ஓடிச் சொன்னேன். எப்படித் தோண்டுவது என்றுகூடச் சொல்லிக் கொடுத்தேன். ஆம். சொல்லிக் கொடுத்தேன்.

புழுவைப் பார்த்து விஜயா அலறினாள். மூன்று பேர் சேர்ந்து செருப்பால் தேய்த்தார்கள்.

கிளம்பும்போது நான் எண்ணவில்லை. எதைப் பார்த்தாலும் எண்ணுகிறவள் நான்.

வீட்டில் பருப்புத் துவையல், ரசம். சாப்பிட முடியவில்லை. "வெயில் குடிச்சிட்டு வந்திருக்கா" என்று அம்மா மோர் கொடுத்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

கணக்கு 4, 5. லைப்ரரிப் புத்தகம் மூன்று நாள் தாமதம்.

வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூலை 15, திங்கள்

அமுலு வந்துவிட்டாள்.

வகுப்பில் ஜன்னலோரம் வரிசையாகச் செய்தித்தாள் கட்டுகள், மேலே செங்கல். ஈரம் போவதற்காகத் தாள் மாற்றுகிற நேரம். அவள் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. ஒரு கட்டைப் பிரித்தாள். இன்னொன்றை. இன்னொன்றை.

அப்புறம் சுவரில் தொங்கிய என் தாளிடம் போனாள். லேபிளில் விரல் வைத்து, எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாகப் படித்தாள். அமுலு நன்றாகவே படிப்பாள். வேண்டுமென்றுதான் அப்படி. "கள்... ளி வே... லியின் மூன்... றாவது..." சேகரித்தவர் வரை படித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"பஸ் நம்பர மட்டும் வுட்டுட்டியே."

அவ்வளவுதான் சொன்னாள். கண் இன்னும் சிவப்பு. கண்வலியா, வேறா, தெரியவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

மத்தியானம் க.டீ. அவளைக் கேட்டார்: "உன் ஹெர்பேரியம் எங்கே அமுலு?"

"கண்வலி டீச்சர்."

"போகட்டும். யார்கிட்டயாவது அதிகமா இருந்தா குடுங்கோடி அவளுக்கு."

சுசீலா நல்லவள். உடனே எழுந்தாள். "என்கிட்ட மூணு இருக்கு டீச்சர், ஒண்ணு அமுலு வெச்சுக்கட்டும்."

அமுலு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். காயை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். பச்சைக் காய். "வெடிக்கவே இல்ல" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு பசை வாங்கி ஒட்டினாள். பெயர் எழுதினாள். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்து திரும்பாமல் இருந்தேன். கழுத்து வலிக்கும் அளவுக்குத் திரும்பாமல்.

ஜூலை 17, புதன். ஆடி 1

அமுலுவிடம் பேசப் போனேன். பள்ளி வாசலில், ஐஸ்காரர் பக்கத்தில்.

"நான் வேண்டுமென்று செய்யவில்லை அமுலு."

"தெரியும்மே. நீ இன்னா செஞ்சாலும் நல்லதுக்குத்தான் செய்வ."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். திட்டியிருந்தால் தேவலை.

அப்புறம் அவளாகவே சொன்னாள். இதை முழுக்க எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா அங்கே போயிருக்கிறார். காய் வெடித்திருக்கும், மேலாகக் கத்தரிக்கலாம் என்று. குழி குழியாக நிலம். கள்ளி உடைந்து கிடக்கிறது. கன்னியம்மாவுக்கு ஒரே ஆள் மேல்தான் சந்தேகம்: முனியம்மா. அதே ஆற்றோரம், நாலு வீடு தள்ளி. அவரும் மூலிகை பறிக்கிறவர். வேரோடு பிடுங்குகிறவர் என்று கன்னியம்மா எப்போதும் சொல்வாராம்.

அடி பம்பில் தண்ணீர் பிடிக்கும்போது ரெண்டு பேருக்கும் சண்டை. கன்னியம்மா முனியம்மாவின் குடத்தை எட்டி உதைத்துவிட்டார். நிறைந்த குடம். இந்தத் தண்ணீர்ப் பஞ்சத்தில்.

"இப்ப இன்னான்னா, வர ஞாயித்துக்கெழம அம்மன் கோயில்ல கூழு ஊத்தறாங்க. அன்னிக்கு முனிம்மாக்கா கற்பூரம் அணைக்கணுமாம். எங்கம்மா கேட்டுக்கினுகீது."

கற்பூரம் அணைப்பது எனக்குத் தெரியாது. அமுலு சொன்னாள். சாமி முன்னால் கற்பூரம் ஏற்றி, நான் செய்யலை என்று சொல்லி, உள்ளங்கையால் அணைக்க வேண்டும். பொய் என்றால் குடும்பம் அழிந்துவிடும்.

"அவர்தான் செய்யவில்லையே. அணைத்துவிட்டால் தீர்ந்தது."

"நெசமா இருந்தாலும் அணைக்கக்கூடாதுமே. வெளக்க அணைக்கிற மாதிரி அது. முனிம்மாக்கா பொண்ணு மாசமாகீது, ஒம்போது மாசம். அது எப்டி அணைக்கும்? மாட்டேன்னுது. மாட்டேன்னா திருடின்றாங்க."

நான் வந்து சொல்கிறேன் என்றேன். அமுலுவின் முகம் மாறியது.

"வராத. இடத்த யாரு காட்னதுன்னு முதல் கேள்வி வரும். அடி எனக்கு. உனுக்கு மனசு ஆறணும்னா நா உத வாங்கணுமா? ரெண்டு பேரும் எப்பவும் சண்டதான். தானா ஆறும். நீ வராத."

சரி என்றேன். நான் எல்லாவற்றுக்கும் சரி என்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

லைப்ரரிப் புத்தகம் கொடுத்துவிட்டேன்.

ஸ்பெஷல் கிளாஸ் என்று பொய் சொல்லிவிட்டுக் கொட்டிவாக்கம் போனேன். மூடி போட்ட பித்தளைத் தூக்கில் தண்ணீர், வீட்டுக் குடத்திலிருந்து, அம்மாவுக்குத் தெரியாமல்.

இன்று எண்ணினேன். செடி மூன்று. குழிகளையும் எண்ணினேன். அந்த எண்ணை எழுத மாட்டேன்.

மூன்றில் ஒன்றில் புழுக்கள். ஒரே செடியில் பதினொன்று. இலையே இல்லை, குச்சி மட்டும். முதல் தடவை வந்தபோது ஒரு செடிக்கு ஒன்றோ இரண்டோதான் இருந்தது. போக இடம் இல்லாமல் எல்லாம் இங்கே. ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சிகள் குழிகளின் மேல் தாழப் பறந்தன. மண்ணில் உட்கார்ந்து எழுந்தன. மறுபடி உட்கார்ந்தன. நான் எதைப் பிடுங்கினேன் என்று அவற்றுக்குத்தான் சரியாகத் தெரிந்திருக்கிறது.

எறும்புகள் இருந்தன. சும்மா போய்க்கொண்டிருந்தன.

மூன்று செடிக்கும் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றி முடித்த பிறகுதான் தோன்றியது, அதற்கு வேண்டாத ஒரே பொருளைக் கொண்டு வந்திருக்கிறேன் என்று.

வீட்டில் அம்மா குடத்தை எட்டிப் பார்த்து, "யாருட்டி இம்புட்டுத் தண்ணிய மோந்தா?" நான் இல்லை என்றேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி வெள்ளி. வீட்டில் பாயசம்.

க.டீ. என் தாளைப் பொருட்காட்சிக்கு அனுப்பப் போகிறாராம், மற்றப் பள்ளிக்கூடங்களும் வருகிற பொருட்காட்சி. கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. வேண்டாம் என்றேன். "அடக்கமா இருக்கறது நல்லதுதான், அதுக்காக இப்படியா" என்று கன்னத்தைத் தட்டினார்.

காரணம் சொல்லாமல் வந்துவிட்டேன். தைரியம் என்று தலைப்பிட்டு நான் எழுதிய கட்டுரைக்குப் போன வருஷம் முதல் பரிசு. அதை எடுத்துப் படித்தேன். சகிக்கவில்லை.

ஜூலை 20, சனி

மேகம். காற்று கடலிலிருந்து.

நாளை கூழ் ஊற்றுகிற ஞாயிறு. நேற்றுப் பள்ளியில் அமுலு என்னோடு பேசவே இல்லை. கடைசி பெஞ்சில் வளர்மதி சொன்னது (அவளும் ஆற்றோரம்): முனியம்மாவை பம்பில் யாரும் சேர்ப்பதில்லையாம். மாசமான பெண்ணே குடம் தூக்கி வருகிறாளாம், தூரத்துக் குழாயிலிருந்து.

ஒன்பது மாசம்.

யோசித்து யோசித்து ஒரு வழி. நான் போய்ச் சொல்வேன். ஆனால் அமுலு பெயர் வராமல்.

1. நானாகவே நடந்து போனேன், நானாகவே பார்த்தேன்.
2. பள்ளிப் பெண்களைக் கூட்டிப் போனதும் நான்தான்.
3. முனியம்மாவுக்கு இதில் சம்பந்தம் இல்லை.
4. அமுலுவுக்கு எதுவும் தெரியாது.

ஒன்றும் நாலும் பொய். இரண்டும் மூன்றும் உண்மை. பொய் சொன்னால்தான் உண்மை நிற்கிறது. இதற்கு என்ன பெயர் என்று எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. நாலு தடவை சொல்லிப் பார்த்தேன், கண்ணாடி முன்னால்.

ஜூலை 21, ஞாயிறு

போய் வந்துவிட்டேன். நடந்தது நடந்தபடி.

லைப்ரரி என்று சொல்லிவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினேன். ஆற்றோரம் முழுக்க வேப்பிலைத் தோரணம், ஒலிபெருக்கி. கோயில் முன்னால் பெரிய அண்டாக்களில் கூழ். வரிசையில் பாத்திரம் வைத்திருக்கிறார்கள். அமுலு என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் நிற்கவில்லை.

கன்னியம்மா ஒல்லி. மஞ்சள் புடவை, ஈரத் தலை. நான் நினைத்த மாதிரி கோபக்காரராகத் தெரியவில்லை. கோயில் படியில் ஒரு தட்டு, அதில் கற்பூரக் கட்டி. முனியம்மா தள்ளி, மகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் அதிகம் இருக்கும். வயிற்றில் இரண்டு கையும்.

"அம்மா, அந்தச் செடியை எடுத்தது நான்தான்" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

எல்லாரும் திரும்பினார்கள். பாடம் பண்ணியபடியே சொன்னேன். நானாக நடந்து போனேன். பள்ளிக்கூடத்துப் பெண்களைக் கூட்டிப் போனேன். இவங்க பேரில் தப்பில்லை. அமுலுவுக்குத் தெரியாது.

முனியம்மா மகளை விட்டுவிட்டு முன்னால் வந்தார். "கேட்டியாமே? கேட்டியா? எங்குடத்த ஒதச்சியே! எம்பொண்ணு வயித்த வெச்சிக்கினு தண்ணி சொமந்துதே!" அழுகையும் கூச்சலும் ஒன்றாக. யாரோ அவரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். ஒரு கிழவர் கற்பூரத்தை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ யாரு பாப்பா?"

"வடிவு. அமுலு கிளாஸ்."

"ஓ. கணக்கு சொல்லிக் குடுக்குமே, அந்தப் பொண்ணா?"

"ஆமாம்."

"எந்தப் பக்கமா போன?"

எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியும். அதுதான் தப்பு. தெரிந்த கேள்வி வந்தால் என் வாய் நிற்காது. சவுக்குத் தோப்புக்கு மேற்கே, கள்ளி வேலி, மூன்றாவது வளைவு, அங்கே ஒரு சந்து, குனிந்து போக வேண்டும், அப்புறம் நாற்பது அடி. ஒப்பித்தேன். வகுப்பில் போல.

"தோப்புல நாப்பது வீட்டுக்காரங்க சுள்ளி பொறுக்கறாங்க. ஒருத்தருக்குக்கூட அந்தச் சந்து தெரியாது" என்றார். சத்தமே இல்லாமல்தான் சொன்னார். அப்புறம் அமுலு பக்கம் திரும்பினார்.

அமுலு ஓடவில்லை.

முதல் அடி கன்னத்தில். இரண்டாவது முதுகில். நான் குறுக்கே போனேன், போக வேண்டும் என்று கால் எடுத்தேன், ஒரு அம்மா என் தோளைப் பிடித்து இழுத்து ஒரு ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டார். "நீ குந்து பாப்பா, இது எங்க வீட்டுச் சமாச்சாரம்."

"நான்தான் கேட்டேன்! அவளிடம் நான்தான் கேட்டேன்!" என்று கத்தினேன். ஒலிபெருக்கிச் சத்தத்தில் யாருக்குக் கேட்டது.

கன்னியம்மா அடித்துக்கொண்டே சொன்னார்: "அது படிக்கிற பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? உனுக்குத் தெரியுமில்ல? உனுக்குத் தெரியுமில்ல?"

எனக்குத் தெரியும். காய் வெடிக்காமல் தொடக்கூடாது, வேரை எடுக்கக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. மூன்றும் எனக்குச் சொல்லப்பட்டது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கன்னியம்மா அடிப்பதை நிறுத்திவிட்டு, மூச்சு வாங்க, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். என்னை அடிக்க வருகிறார் என்று நினைத்தேன். ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது.

"வெயில்ல வந்துகீற. கோயிலு கூழு, குட்சிட்டுப் போ" என்றார். யாரையோ கூப்பிட்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கினார். மற்றவர்கள் எல்லாரும் அலுமினியத்திலும் மண்சட்டியிலும் குடித்துக்கொண்டிருந்தார்கள். முந்தானையால் டம்ளரின் விளிம்பைத் துடைத்து, கூழ் மொண்டு, வெங்காயம் இரண்டு போட்டு, என் கையில் கொடுத்தார்.

அமுலு சுவரோரமாக உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. அவள் கையில் டம்ளர் இல்லை.

குடித்தேன். முழுவதும் குடித்தேன்.

"நல்லாகீதா பாப்பா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு" என்றேன்.